வயர் இல்லாத ஆர்கேட் ஸ்டிக்: லேக் பயமும் மற்ற கணக்குகளும்

"முஸ்தபா கேம்" என்று சொன்னால் போதும், தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடை வாசலில் தவம் கிடந்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். கேப்காம் 1993-ல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் அசல் பெயர் 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. அதில் நாம் எடுத்து ஆடக்கூடிய நான்கு பேரில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. ஓடிவந்து பறந்து உதைப்பான் என்பதற்காகவே அவனுக்குத்தான் போட்டி. கடைசியில் நம் பக்கம் ஆட்டத்துக்கே அவன் பெயர் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு அதே ஆட்டம் உள்ளங்கை அகல ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் ஓடுகிறது. கீபோர்டில் ஆடிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். கை அந்த உருண்டைத் தலை வைத்த கைப்பிடியை, அந்த லீவரைத் தேடும். சரி, கடையில் இருந்தது போல லீவரும் பட்டனும் பதித்த பெட்டியை, அதாவது ஒரு ஆர்கேட் ஸ்டிக்கை வாங்குவோம் என்று முடிவு செய்தால் அடுத்த சிக்கல். டிவி ஒரு சுவரில், நாம் உட்காருவது எதிர்ச்சுவர் ஓரம். நடுவே மூன்று மீட்டர் வயர். அதைத் தாண்டிக்கொண்டு காபி டம்ளரோடு போக வர ஆட்கள். அதனால் வயர்லெஸ். அப்படி நினைத்த மறுநிமிடமே வரும் கேள்வி: லேக் அடிக்குமா, அதாவது பட்டனை அழுத்தியும் திரையில் ஆள் தாமதமாக அசைவானா?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்காகச் செய்த ஸ்டிக்கில், ரேடியோவால் வரும் தாமதம் நாம் பயப்படும் அளவுக்குக் கிடையாது. கவலைப்பட வேண்டிய இடங்கள் டிவியும் லீவரும். ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, அட்டைப்பெட்டியில் அச்சிட்ட மில்லிவினாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பழைய ஆர்கேட் ஆட்டங்கள் வினாடிக்கு ஏறத்தாழ 60 ஃபிரேம், அதாவது 60 படம் ஓடுபவை. ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிவினாடி. இந்த ஆட்டங்கள் பொதுவாக ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறைதான் "பட்டன் அழுத்தியிருக்கிறதா" என்று எட்டிப் பார்க்கும். அது எட்டிப் பார்த்துவிட்டுப் போன மறுகணம் நீங்கள் அழுத்தினால், கடையில் நின்ற அசல் கேபினெட்டாக இருந்தாலும் அடுத்த ஃபிரேம் வரை காத்திருக்கத்தான் வேண்டும். இப்போது ரேடியோ ஒரு 4 மில்லிவினாடி கூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் எல்லா அழுத்தமும் பிந்துவதில்லை. 16.7-ல் 4 என்பது கிட்டத்தட்ட கால் பங்கு. அதாவது நான்கு அழுத்தத்தில் ஒன்று அடுத்த ஃபிரேமுக்குத் தள்ளிப்போகும், மற்ற மூன்றும் வயர் இருந்தால் எந்த ஃபிரேமில் விழுமோ அதே ஃபிரேமில் விழும். முஸ்தபாவின் உதைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

டிவி விஷயம் வேறு. இன்றைய டிவிக்கள் படத்தை வாங்கி, மெருகேற்றி, நடுவில் இல்லாத ஃபிரேம்களைத் தாமே வரைந்து சேர்த்துவிட்டுத்தான் காட்டுகின்றன. இந்த மெருகேற்றலைக் குறைக்கும் கேம் மோடு என்ற செட்டிங்கைப் போடாவிட்டால் 100 மில்லிவினாடியைத் தொடும் டிவிக்கள் உண்டு. அது ஆறு ஃபிரேம். அதே டிவியில் கேம் மோடைப் போட்டால் பத்து இருபது மில்லிவினாடிக்கு இறங்கிவிடும். ரிமோட்டில் நான்கு பட்டன் அழுத்தினால் கிடைக்கிற இந்த லாபத்தை எந்த விலை ஸ்டிக்கும் தராது. "வயர்லெஸ் வாங்கினேன், ஒரே லேக்" என்று சொல்கிறவரிடம் நான் முதலில் கேட்பது டிவியில் எந்த மோடு இருக்கிறது என்பதைத்தான்.

இருந்தாலும் வயர்லெஸ் எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று ப்ளூடூத். மற்றது, ஸ்டிக்கோடு வரும் சின்ன யூஎஸ்பி டாங்கிள், அதாவது அந்த நிறுவனமே தன் ஸ்டிக்குக்கென்று செய்த 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. இரண்டும் ஒரே அலைவரிசைப் பட்டையில்தான் ஓடுகின்றன. ப்ளூடூத் பொதுச் சாலை மாதிரி: ஹெட்போன், மவுஸ், போன் எல்லாவற்றுக்கும் ஒரே விதிமுறை, அதனால் எங்கும் போகும், ஆனால் வேகம் ஏறி இறங்கும். டாங்கிளுக்கு ஒரே ஒரு வேலைதான். தாமதமும் குறைவு, அதைவிட முக்கியமாக, மாறாமல் இருக்கும்.

இந்த மாறாமை பெரிய விஷயம். எப்போதும் 10 மில்லிவினாடி பிந்துகிற ஸ்டிக்குக்குக் கை பழகிவிடும். ஒரு தடவை 5, அடுத்த தடவை 20, அப்புறம் 8 என்று ஆடிக்கொண்டே இருந்தால் கை எதற்குப் பழகும்? தாவுவது சில நேரம் சரியாக விழும், சில நேரம் பள்ளத்தில் விழும். தப்பு நம் கையிலா ஸ்டிக்கிலா என்று தெரியாது. அதனால் டாங்கிளும் ப்ளூடூத்தும் சேர்ந்து வருகிற ஸ்டிக்கே வாங்கத் தகுந்தது. ஹாலில் ஆட டாங்கிள், போன் டேப்லெட்டில் சும்மா ஆட ப்ளூடூத். ப்ளூடூத் மட்டும் உள்ள ஸ்டிக்கை ஒதுக்க வேண்டும் என்பதில்லை. அடித்துக்கொண்டே முன்னேறும் ஆட்டங்களுக்கு அது போதும்.

டாங்கிளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு சின்னக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் டாங்கிளைச் செருகியிருந்தேன். பக்கத்துத் துளையில் ஆட்டக் கோப்புகள் இருக்கும் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். ஸ்டிக் நன்றாக வேலை செய்யும், திடீரென்று அரை வினாடி இடப்பக்கமே போய்க்கொண்டிருக்கும், அப்புறம் சரியாகிவிடும். ஸ்டிக் பழுது என்று திருப்பி அனுப்பும் அளவுக்குப் போய்விட்டேன். பழுது எதுவும் இல்லை. யூஎஸ்பி 3 தரவை அனுப்பும் வேகத்தில் அதன் வயரும் கனெக்டரும் ரேடியோ இரைச்சலைக் கக்குகின்றன, அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பரவுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டாங்கிள் அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்துகொண்டு, மூன்று மீட்டர் தள்ளி முனகுகிற ஸ்டிக்கைக் கேட்கப் பார்க்கிறது. ஒரு அடி யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி, டாங்கிளை டிவிக்கு முன்பக்கம் கொண்டுவந்து வைத்தேன். அன்றோடு தீர்ந்தது. வயர் வேண்டாம் என்று ஸ்டிக் வாங்கியவன் வயர் வாங்கிய கதை.

தாமதத்தைக் குறைக்க இன்னொரு வழி மென்பொருளில் இருக்கிறது. பழைய ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் மென்பொருளான ரெட்ரோஆர்க்கில் 2018 முதல் ரன்-அஹெட் என்று ஒரு வசதி உண்டு. பல பழைய ஆட்டங்கள் பட்டனை வாசித்த பிறகும் தங்கள் உள்கணக்குக்காக ஓரிரு ஃபிரேம் எடுத்துக்கொண்டுதான் ஆளை அசைக்கும். அசல் கேபினெட்டிலேயே இருந்த தாமதம் இது. ரன்-அஹெட், ஆட்டத்தைச் சில ஃபிரேம் முன்னால் ஓட்டிப் பார்த்து அதன் முடிவைக் காட்டி அந்தத் தாமதத்தை விழுங்கிவிடுகிறது. எத்தனை ஃபிரேம் என்பதை நீங்களே எண்ணலாம். கீபோர்டில் 'பி' அழுத்தி ஆட்டத்தை நிறுத்துங்கள். ஸ்டிக்கில் தாவும் பட்டனைப் பிடித்துக்கொண்டே 'கே'-யை ஒவ்வொரு தடவையாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஃபிரேம் நகரும். மூன்றாவது தட்டில் ஆள் தாவினால், ரன்-அஹெடில் 2 வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் அசைவின் தொடக்கமே வெட்டுப்பட்டு, ஆள் எகிறிக் குதிப்பது போலத் தெரியும். கொஞ்சம் வலுவான கம்ப்யூட்டர் தேவை, ஏனென்றால் அது ஒரே ஃபிரேமை மீண்டும் மீண்டும் கணக்கிட வேண்டும். ஆனால் இரண்டு ஃபிரேம் என்பது 33 மில்லிவினாடி. ரேடியோ எடுத்ததைவிட அதிகமாகவே திரும்பி வந்துவிடுகிறது.

இனி லீவருக்கு வருவோம். ஸ்டிக்கைக் கவிழ்த்து அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினால், லீவரின் தண்டைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு குட்டி மைக்ரோஸ்விட்சுகள் தெரியும். கைப்பிடியை மேலே தள்ளினால் தண்டின் அடிநுனி எதிர்ப்பக்கம் சாய்ந்து அங்கிருக்கும் ஸ்விட்சை அழுத்தும், 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டு ஸ்விட்சை ஒருசேர அழுத்தினால் குறுக்குத் திசை. அவ்வளவுதான் அதன் அறிவு. தண்டின் நுனி எதுவரை போகலாம் என்று வேலி கட்டும் பிளாஸ்டிக் தகடு ஒன்று அடியில் இருக்கும். அதற்குப் பெயர் கேட்.

ஜப்பானிய லீவர்களில் வழக்கமாக இருப்பது சதுர கேட். முதல்முறை பிடிப்பவருக்கு வினோதமாக இருக்கும், மூலைக்குப் போனால் லீவர் நான்கு திசைகளைவிட நீளமாகச் சாயும். ஆனால் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் தீப்பந்து எறிய கீழே, கீழ்-முன்னே, முன்னே என்று உருட்டும்போது அந்த மூலைதான் வழிகாட்டி. எண்கோண கேட்டில் எட்டுத் திசைக்கும் ஒவ்வொரு பள்ளம், கை நிச்சயமாக உணரும். கேம்பேடிலிருந்து வருகிறவர்களுக்கு அது பிடித்துப்போகும். கொரிய லீவர்களில் கேட்டை நம்புவதே இல்லை. தண்டைச் சுற்றி இறுக்கமான ரப்பர் வளையம் இருக்கும், கையை விட்டால் சட்டென்று நடுவுக்கு வந்து நிற்கும்.

ரெட்ரோ ஆடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி வேறு. 1980-ன் 'பாக்-மேன்', 1981-ன் 'டாங்கி காங்' எல்லாம் நான்கு திசை லீவருக்காகச் செய்தவை. குறுக்குத் திசை என்ற ஒன்றே அந்தக் கேபினெட்டில் கிடையாது. எட்டுத் திசை லீவரில் பாக்-மேன் ஆடினால், திருப்பத்தில் கை லேசாகக் குறுக்கே விழும், மேல்-வலம் இரண்டும் ஒன்றாகப் போகும், ஆட்டம் இரண்டில் எதை எடுப்பது என்று தடுமாறும். திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்ப் பேயிடம் மாட்டிக்கொள்வீர்கள். பலரும் இதைத்தான் லேக் என்று நினைத்துத் திட்டுகிறார்கள். சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் லீவரில் அந்த சதுரத் தகட்டைக் கழற்றித் திருப்பிப் பொருத்தினால் குறுக்குத் திசை அடைபட்டுவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் பாக்-மேன் முடித்துவிட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட வேண்டுமென்றால் மறுபடி கழற்ற வேண்டும், அதுதான் தொல்லை. வயர்லெஸ் ஸ்டிக்கைத் திறக்கும்போது பேட்டரி வயரைப் பிடித்து இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் உள்ளே வருகிற லீவர் எப்படி என்பதைவிட, அதைக் கழற்றி மாற்ற முடியுமா என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். விமானம் ஓட்டிக் குண்டு மழையைத் தப்பிக்கிற ஷூட்டிங் ஆட்டக்காரர்கள் செய்மித்ஸுவின் எல்எஸ்-32 போன்ற, குறைந்த தூரம் சாய்ந்தாலே பதிவாகிற லீவரைத் தேடுவார்கள். சண்டை ஆட்டக்காரர்களுக்கு ஜேஎல்எஃப்-பின் இளகல் பிடிக்கும். பட்டனும் அப்படித்தான். சன்வாவின் ஓபிஎஸ்எஃப்-30 போன்றவை 30 மில்லிமீட்டர் துளையில் அழுத்திப் பொருத்துபவை, தொட்டாலே பதிவாகும் அளவு மென்மை. அமெரிக்க வகைப் பட்டன்களில் மைக்ரோஸ்விட்ச் தனியாகத் தொங்கும், 'டக்' என்று அழுத்தமாக இறங்கும், வயர் முனையும் அகலமானது. துளை 30 மில்லிமீட்டரா, வயர் முனை 2.8 மில்லிமீட்டரா என்று இரண்டைப் பார்த்துவிட்டால் ஜப்பானிய உதிரிப் பட்டன்கள் பெரும்பாலும் பொருந்திவிடும். மலிவான ஸ்டிக்குகள் சிலவற்றில் பட்டனைப் பலகையிலேயே சூடு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஒரு பட்டன் போனால் முழு ஸ்டிக்கும் போச்சு.

எத்தனை பட்டன்? முஸ்தபாவுக்கு அடி, தாவல் இரண்டு போதும், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் சிறப்பு அடி. நியோ ஜியோ என்ற இன்னொரு ஆர்கேட் இயந்திரத்தின் ஆட்டங்களுக்கு நான்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு மூன்று குத்து, மூன்று உதை என ஆறு. இன்றைய ஸ்டிக்குகளில் இரண்டு வரிசையாக எட்டு இருக்கும், ஆக எல்லாம் அடங்கிவிடும். செகாவின் வீட்டு கன்சோலான மெகா டிரைவின் ஆறு பட்டன் பேட் அப்படியே இரண்டு வரிசையில் உட்கார்ந்துவிடுகிறது. சூப்பர் நின்டெண்டோதான் இடிக்கும். அதன் நான்கு பட்டன்களும் வைர வடிவத்தில் ஒரு கட்டைவிரலுக்காகவே வைத்தவை. ஓடும் பட்டனை விரல் நுனியில் அழுத்தியபடி அதே விரலைச் சாய்த்துத் தாவுகிற வித்தை ஸ்டிக்கில் வராது. வீட்டு கன்சோலில் ஓடித் தாவும் ஆட்டங்களே உங்கள் பிரியம் என்றால் ஸ்டிக் வாங்காதீர்கள், ஒரு நல்ல பேட் பாதி விலைக்குக் கிடைக்கும்.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வயர்லெஸ் என்றால் மடியில் வைத்து ஆடப்போகிறோம். இலேசான பிளாஸ்டிக் பெட்டி, லீவரை வேகமாக இழுத்தால் கூடவே வரும். அகலமான, கனமான, அடித்தட்டு இரும்பாக உள்ள பெட்டி தொடையில் அசையாமல் நிற்கும். சோபா இல்லாமல் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவரா? முன்னால் ஒரு மணைப்பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். அந்த உயரம் மணிக்கட்டுக்கு அளவெடுத்தது போல இருக்கும்.

கடையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டால், ரெட்ரோவுக்கு வயர்லெஸ் என்றதும் முதலில் வருவது 8பிட்டோ நிறுவனத்தின் ஆர்கேட் ஸ்டிக். பழைய நின்டெண்டோ சாயலில், ப்ளூடூத், டாங்கிள், வயர் மூன்றும் கொண்டது, நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலுக்கும் விண்டோஸுக்கும். வந்தபோது விலை 90 டாலர் அளவில் இருந்தது. உள்ளே இருக்கும் லீவரும் பட்டனும் சுமார் ரகம்தான், ஆனால் சன்வா பாகங்களைப் போட்டு மாற்றிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது மேலே இருக்கும் ஒரு சின்ன நகர்த்தி: லீவரைக் கேம்பேடின் கூட்டல்குறி வடிவத் திசைப் பட்டனாகவோ (டி-பேட்) அனலாக் ஸ்டிக்காகவோ காட்டச் சொல்லலாம். சில எமுலேட்டர்கள் டி-பேடை மட்டும்தான் மதிக்கும், அங்கே இது காப்பாற்றும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை வாங்கி ஏமாறக் கூடாது, அதற்கு அவர்களே தனி மாடல் விற்கிறார்கள். சோனியும் 2025-ல் ஃப்ளெக்ஸ்ட்ரைக் என்று ஒரு வயர்லெஸ் ஸ்டிக்கை அறிவித்தது, கருவி எதுவும் இல்லாமலே கேட்டை மாற்றலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் அதன் கண் புது சண்டை ஆட்டங்களின் மேல்தான்.

அசல் பழைய கன்சோலையே வைத்திருக்கும் பாக்கியவான்களுக்கு ப்ளூரெட்ரோ என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. இஎஸ்பி32 என்ற மலிவான சில்லில் அதை ஏற்றி, பழைய கன்சோலின் சாக்கெட்டில் செருகினால் ப்ளூடூத் ஸ்டிக் அதோடு பேசும். அந்த வழியில் டாங்கிள் உதவாது, ப்ளூடூத் கட்டாயம்.

போட்டிகளுக்குப் போகிறவர்கள் வயர் ஸ்டிக்கே வைத்துக்கொள்ளலாம். ஒரே அறையில் ஏகப்பட்ட பேர் ரேடியோவோடு வந்தால், யாரோ பையில் அழுத்திய பட்டன் இன்னொருவர் ஆட்டத்தை நிறுத்திவிடும் வம்பு அங்கே உண்டு.

பேட்டரி விஷயத்தில் இரண்டு கேள்வி போதும். பேட்டரி தீர்ந்தால் வயரைச் செருகி ஆட முடியுமா? சில வருடம் கழித்துப் பேட்டரி உப்பினால் திறந்து மாற்ற முடியுமா? ஆறு மாதம் பரணில் போட்டுவிட்டு எடுப்பதாக இருந்தால் பாதி சார்ஜோடு வையுங்கள், சுத்தமாக வற்றவிட்ட லித்தியம் பேட்டரி திரும்ப எழுந்திருக்காமல் போகலாம். அப்புறம், இந்த ஸ்டிக்குகள் சும்மா இருந்தால் தூங்கிப்போகும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பட்டனைத் தட்டினால், முதல் தட்டு அதை எழுப்புவதற்கே சரியாகப் போய்விடும்.

எழுந்து வரும்போது இன்னொரு குளறுபடி காத்திருக்கும். முஸ்தபா மூன்று பேர் ஒன்றாக ஆடக்கூடிய ஆட்டம். மூன்று வயர்லெஸ் ஸ்டிக் இருந்தால், எமுலேட்டர் பெரும்பாலும் முதலில் இணைந்ததை முதல் ஆட்டக்காரராக எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒன்று தூங்கி எழுந்தால் வரிசை மாறிவிடலாம், நீங்கள் அடிக்க, திரையில் பக்கத்தில் இருப்பவரின் ஆளான ஹன்னா அடிப்பாள். எந்த ஸ்டிக் எந்த எண் என்று செட்டிங்கில் கட்டிப்போட வழி இருக்கிறது, ஆனால் ஒரே மாடல் மூன்று என்றால் அதுவும் சில நேரம் குழம்பும். எங்கள் வீட்டில் ஸ்டிக்குகளின் அடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயின்டில் எழுதி, அந்த வரிசையில்தான் ஆன் செய்கிறோம். ஒன்றாம் நம்பர் யாருக்கு என்ற சண்டை மட்டும் தீரவில்லை. அதை எடுப்பவருக்குத்தான் முஸ்தபா.